அடுப்புப் புகையும் அரசின் கணக்கும்



இந்த நினைவுச் சொற்பொழிவு மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வன்கொடுமை வழக்குகளைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு அடுப்பைப் பற்றிப் பேசலாம் என்றபோது நமக்குள்ளேயே சிலர் சிரித்தார்கள். காற்று மாசு என்றால் டெல்லி, நம் மாநிலத்தில் என்றால் எண்ணூர், தூத்துக்குடி. கள்ளக்குறிச்சியில் கரும்பும் மரவள்ளியும் மலையும்தானே இருக்கின்றன என்றார்கள். ஒன்றிய அரசும் அப்படித்தான் நினைத்தது. 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது. வெள்ளிமலையில் ஒரு கூரை வீட்டுக்குள் நிற்கும் காற்று அந்தத் திட்டத்தின் கணக்கில் காற்றே இல்லை.

நம்மில் ஒருவரின் அத்தை பல ஆண்டுகள் இளைப்பால் அவதிப்பட்டார். மருத்துவமனையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா என்பது. இல்லை என்றதும், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எட்டு வயதிலிருந்து ஊதாங்குழலோடு அடுப்பின் முன் உட்கார்ந்தவர் அவர். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சோறாக்குவது ஒரு நோய்க்குக் காரணமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. புகையின் வரலாற்றை எழுதுவதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். பட்டவர்களே அதைப் புகாராகச் சொல்லவில்லை.

எரிசக்திக் கொள்கை நமக்கு அந்நியமான துறை அல்ல என்பதை மாணவத் தோழர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் பாசனமும் மின்சாரமும் இருந்தன. போருக்குப் பிந்தைய மின் வளர்ச்சியைத் திட்டமிட 1943 அக்டோபரில் கூடிய குழுவுக்கு அவரே தலைமை வகித்தார். மின்சாரம் யாருடைய உடைமையாக இருக்க வேண்டும், அது எப்படி மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் என்பவை அங்கே அவர் எழுப்பிய கேள்விகள். மின்சாரம் எதற்கு என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. தொழில்மயமாக்கலுக்கு, அதன் வழியே மக்களை வறுமைச் சுழலிலிருந்து மீட்பதற்கு. விளக்கு வெளிச்சத்தோடு நின்றுவிடும் பார்வை அல்ல அது.

பிறகு நடந்ததை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானது. அதை நாம் எதிர்க்கவில்லை. அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள் நாம். ஆனால் கிணறு வைத்திருந்தவருக்குத்தான் அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்தது. சேரிக்குக் கிடைத்தது குடிசைக்கு ஒரு விளக்கு. அதை வைத்து உலை கொதிக்க வைக்க முடியாது.

உலை கொதிப்பது விறகில். விறகின் வரலாறோ நிலத்தின் வரலாறு. நிலம் உள்ளவருக்கு வேலியோர மரமும் கம்பந்தட்டையும் மாட்டுச் சாணமும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போனபோது, விளைச்சலோடு எரிபொருளும் போனது என்பதை நம் பஞ்சமி நில எழுத்துகளில்கூட நாம் சரியாகப் பதிவு செய்யவில்லை. நிலமில்லாதவர் வீட்டு அடுப்பில் கரும்புச் சோகையும் மரவள்ளிக் குச்சியும் பச்சை முள்ளும் எரிந்தன. எளிதில் கிடைப்பவை இவைதான், அதிகம் புகைவதும் இவைதான். சமையலுக்கென்று தனி அறையும் கிடையாது. அடுப்பு எரியும் இடத்திலேயே பிள்ளை தூங்கும்.

மலைமேல் கதை வேறு மாதிரி. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தார்களின் ஆளுகைக்குள் இருந்தவர்கள். 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தும், மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். காட்டைப் பொறுத்தவரை 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் போட்ட கோடு அப்படியே தொடர்ந்தது: காப்புக் காட்டுக்குள் சுள்ளி பொறுக்கும் பெண் அரசின் பார்வையில் குற்றவாளி ஆகக்கூடியவர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகும் அந்தப் பயம் போகவில்லை. மலைக்கும் அரசுக்கும் இருந்த தூரத்துக்கு ஒரு சான்று போதும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

அரசு அடுப்பை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். 1950களிலேயே ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த அடுப்பை வடிவமைத்தார். 1983இல் ஒன்றிய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊர்களில் அதைப் ‘புகையில்லா அடுப்பு’ என்றார்கள். 2002இல் கைவிடப்படும்வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. ஆனால் அதன் முதல் கவலை காடு அழிகிறது, விறகைச் சேமிக்க வேண்டும் என்பது. மரத்தைக் காப்பாற்றப் போட்ட அடுப்பு அது, மூச்சு இரண்டாம்பட்சம். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் சரிசெய்ய ஆள் வரவில்லை. சாண எரிவாயுத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து மாடு உள்ளவருக்கான திட்டம் அது.

மூச்சை அளக்கத் தொடங்கியவர்கள் ஆய்வாளர்கள். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர், குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியை மாட்டி அளந்தார். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தது சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும். அந்த வேலை கடைசியில் நம் வாசலுக்கே வந்தது.

இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நாட்டுக்கு 800 பேர். இந்தியாவில் அது நாகப்பட்டினத்திலும் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்திலும் நடந்தது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் வரை அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2018 மே முதல் 2020 பிப்ரவரி வரை பெண்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு 18 மாதங்கள் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. மீதிப் பேர் விறகிலேயே சமைத்தார்கள்.

விறகில் சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள், நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். கேஸ் கிடைத்தவர்களுக்கு அது 24 ஆக இறங்கியது. கேஸ் கிடைத்தவர்கள் விறகடுப்பை ஏறக்குறைய முழுமையாகவே விட்டுவிட்டார்கள். ‘கேஸ் கொடுத்தாலும் இவர்கள் விறகுச் சோற்று ருசியை விடமாட்டார்கள்’ என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விலையும் தூரமும் தடையாக இல்லாதபோது அந்த ருசி எங்கே போனது?

இனி நாம் மறைக்கக் கூடாத பகுதி. 2022இல் வெளியான முடிவின்படி, கேஸ் கிடைத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 2,921 கிராம் எடையோடும், விறகில் சமைத்தவர்களின் குழந்தைகள் 2,898 கிராம் எடையோடும் பிறந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டு வரையிலான கடும் நிமோனியாவிலும் வளர்ச்சிக் குறைவிலும்கூட எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. நம் துண்டறிக்கைகளில் ‘கேஸ் கொடுத்தால் குழந்தை எடை கூடும்’ என்று இனி எழுத முடியாது. எழுதினால் அது நம் மக்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

ஆனால் இதை வைத்து ‘அப்படியானால் மானியம் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் மறுமொழி உண்டு. கருவுற்றுச் சில மாதங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தது அந்த கேஸ். அதற்கு முன் இருபது ஆண்டுப் புகை அந்த உடலுக்குள் இருக்கிறது. அரைவயிற்றுச் சாப்பாடும் ஏழாம் மாதம் வரை களை எடுப்பதும் இருக்கின்றன. தெருவில் மற்ற அடுப்புகள் எரிந்துகொண்டே இருந்திருக்கும். இறங்கிய 24 என்ற அளவும்கூட, உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுச் சராசரியாக வைத்த 5 என்ற வரம்பைவிடப் பல மடங்கு. இவற்றுள் எது எவ்வளவு காரணம் என்பதை மருத்துவர்கள் பிரித்துச் சொல்லட்டும். ஒரு வீட்டு அடுப்பை மாற்றினால் சாதியும் கூலியும் நிலமும் செய்து வைத்தது பதினெட்டு மாதத்தில் சரியாகும் என்று எதிர்பார்த்ததில்தான் கோளாறு என்று நாம் கருதுகிறோம். புகை இல்லாமல் மூச்சு விடும் உரிமைக்குக் குழந்தையின் எடையைச் சாட்சியாக நிறுத்த வேண்டியதும் இல்லை.

அரசுகள் எண்ணியது இணைப்புகளை. 2007இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. நம் தெருக்களில் பல வீடுகளுக்குள் முதன்முதலில் கேஸ் நுழைந்தது அப்போதுதான். 2016 மே 1 அன்று ஒன்றிய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்பு என்று விழா எடுத்தார்கள். 2020இல் பொது மானியம் சத்தமில்லாமல் நின்றது. 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியது. உஜ்வாலா குடும்பங்களுக்கு 2022இல் 200 ரூபாயும் 2023 அக்டோபரில் 300 ரூபாயும் மானியம் தந்தார்கள். மீதி, களை எடுக்கும் பெண்ணின் பல நாள் கூலி. மலைமேல் சிலிண்டரை ஏற்றிக் கொண்டுபோகும் செலவு தனி. இப்படித்தான் நம் வீடுகளில் கேஸ் அடுப்பு விருந்தாளி வந்தால் டீ போடுவதற்கு என்று ஆனது. அதன் பக்கத்திலேயே மண்ணடுப்பு சோறாக்குகிறது.

இணைப்பு உள்ள வீடு என்று அரசு எண்ணும் அந்த வீட்டை நாம் வேறு விதமாக எண்ண வேண்டும். மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன் மலை ஒன்றியங்களில் அவரவர் தெருவில் இருபது வீடுகளுக்குப் போங்கள். கேஸ் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கேஸ் புத்தகத்தை வாங்கி, கடைசியாக சிலிண்டர் எடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பெண்ணிடம் இருமல் எத்தனை வருடமாக என்று கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள்.