கொடுவேரி

வெண்கொடிவேலி என்றும் சித்திரமூலம் என்றும் இன்று வழங்கும் வெண்பூச் செடியினத்தின் பழம்பெயர் கொடுவேரி என்பதே. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் அதன் செந்நிற வகை செங்கொடுவேரி என்று இடம்பெற்றிருக்கிறது. அரைத்துத் தோலில் பூசினால் கொப்புளம் எழுப்பும் பிளம்பாஜின் என்ற சத்து இதன் வேரில் மிகுந்திருப்பதையும், வடமொழியாளர் அக்கினியின் நாமங்களையே இதற்குச் சூட்டியிருப்பதையும் சேர்த்து நோக்குங்கால், கொடிய வேரை உடையது என்று பொருள் கொள்வதே உசிதமாகும். வேரின் நினைவு மங்கிய பிற்காலத்தார், படர்ந்து சாயும் கிளைகளைக் கண்டு கொடியென்றும் வேலியென்றும் சொல்லைத் திரித்துக்கொண்டனர் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத்தில் இதனினும் சிரமமற்ற செடி அபூர்வம். மழைக்கால ஆரம்பத்தில் கிளைத்துண்டை நட்டால், வறண்ட மண்ணிலும் அரைநிழலிலும் பல்லாண்டு தழைத்து, கொத்துக் கொத்தாய் மலரும். நீலச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் சில இதில் முட்டையிடுவதும் உண்டு. பசை சுரக்கும் புல்லிவட்டம் ஆடையில் ஒட்டிக்கொண்டு விதையைத் தொலைவுக்குப் பரப்பும். வேரைத் தோண்டுவோர் கையுறை அணிய வேண்டும். கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது.