பத்துத் துளை வாத்தியத்தின் சரித்திரம்

புல்லாங்குழல் வித்வானின் பையைத் திறந்து பார்த்தால், பாடுவோரின் சாரீரத்துக்கும் கச்சேரியின் தேவைக்கும் ஏற்ப வெவ்வேறு கட்டைகளில் துளையிட்ட குழல்கள் பல இருக்கக் காணலாம். நம் கடைகளில் மௌத் ஆர்கன் என்று விற்கப்படும் ஹார்மோனிகாவுக்கும் அதே நியதிதான். ஒரு கருவிக்கு ஒரே சுருதி என்பதால், பல சுருதிகளில் வாசிக்க விரும்புகிறவன் பல கருவிகளை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழலுக்கு மூங்கிலின் மலிவு துணை நின்றது. பித்தளை ரீடுகளைக் கொண்ட இந்தச் சிறு வாத்தியத்தை ஏழைகளும் ஒன்றுக்கு மேல் வாங்கும்படி மலிவாக்கியதோ, ஜெர்மனியில் ஒரு சிற்றூர் மக்களின் ஓயாத உழைப்பு. அந்த ஊரின் கதையை அறிந்தால்தான், இன்று ஒரு பெட்டியில் ஏழு சுருதிகளாக அடுக்கி விற்கப்படும் மலிவான ஹார்மோனிகாக்களின் தகுதியையும் குறையையும் நாம் சரிவர எடைபோட முடியும்.

ஒரு முனை பொருந்தி மறுமுனை காற்றில் தடையின்றி ஆடும் ரீடு, ஐரோப்பியரின் கற்பனையில் உதித்ததன்று. சீனரின் ஷெங் என்னும் புராதன வாத்தியத்தில் அது நெடுங்காலமாக ஒலித்து வந்தது. பீக்கிங் நகரில் வாழ்ந்த அமியோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைப் பாரிஸுக்கு அனுப்பி வைத்தார். அதன் தத்துவத்திலிருந்து கிளைத்தவையே நம் பஜனை மடங்களில் ஒலிக்கும் ஹார்மோனியமும், அதைவிடச் சிறிதான இந்த வாய் வாத்தியமும். வாய் வாத்தியத்தை முதலில் செய்தவர் யார் என்பதில் பல பெயர்கள் சொல்லப்படுகின்றன. நமக்கு முக்கியமானது, பொஹீமியாவைச் சேர்ந்த ரிக்டர் என்பவரின் பெயரால் வழங்கும் சுர அமைப்பு.

கரிய வனம் எனப்படும் மலைக்காட்டுக்கும் சுவாபிய மலைத்தொடருக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் ட்ரொஸிங்கன் என்ற ஊர் இருக்கிறது. குளிர்காலம் நீண்டு, விளைச்சல் குன்றிய அந்தப் பிரதேசத்தில் நெசவும் கடிகாரத் தொழிலுமே குடும்பங்களைக் காத்து வந்தன. கிறிஸ்டியான் மெஸ்னர் என்பவர் அங்கே இந்த வாத்தியத்தைச் செய்யத் தொடங்கிச் சில பத்தாண்டுகள் கழிந்த பின்னர், 1833-இல் பிறந்த மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் அந்த வித்தையைக் கண்டறிந்து, 1857-இல் தாமும் அத்தொழிலில் இறங்கினார். மனைவியும் சில உதவியாளரும் துணையிருக்க, முதல் ஆண்டில் அவர் செய்து முடித்தவை 650. மரத்தை அறுத்துப் பள்ளம் தோண்டுவது, பித்தளைத் தகட்டில் ரீடுகளைப் பொருத்துவது, ஒவ்வொரு ரீடையும் அரத்தால் தேய்த்துச் சுருதி கூட்டுவது ஆகிய யாவும் ஆதியில் கைவேலையே. பின்னர் யந்திரங்கள் வந்தன; எனினும் வேலையில் பெரும் பங்கு ஊரின் வீடுகளுக்கே சென்றது; பெண்களும் குழந்தைகளும் தங்கள் வீட்டு மேஜையிலேயே அதைச் செய்து முடித்துக் கொடுத்தார்கள். 1887 அளவில் ஹோனரின் உற்பத்தி ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த வாத்தியம் மலிவாக விற்றதென்றால், இவர்களுடைய உழைப்பும் மலிவாகப் பெறப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

1896-இல் ஹோனரிடமிருந்து வெளிவந்த மரீன் பேண்ட் என்ற வகைக்கு அந்த ஆண்டே எண்ணாகவும் அமைந்தது. பத்துத் துளைகள், இருபது ரீடுகள். ரிக்டர் அமைப்பின்படி, ஒரு கட்டைக் கருவியின் எந்தத் துளையில் ஊதினாலும் ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்ற மூன்றில் ஒன்றே ஒலிக்கும். ஏனைய சுரங்கள் உள்ளிழுக்கும் மூச்சில் இருக்கின்றன. சங்கீத ஞானமில்லாத குடியானவனும் ஊதிய மாத்திரத்தில் இனிய ஒலிக் கூட்டத்தைப் பெறவேண்டும் என்ற நோக்கத்தால், கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் விடப்பட்டன.

இந்தக் குறைபாட்டைச் செல்வமாக மாற்றியவர்கள் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள். ஹோனரின் கருவிகள் கடல் கடந்து அங்கே சில்லறைக் கடைகளிலும் தபால் மூலம் விற்ற வியாபாரிகளிடமும் குவிந்தபோது, வேறு வாத்தியம் வாங்க இயலாத அம்மக்களின் சட்டைப் பைகளில் அவை குடியேறின. கீழ்ப்பகுதியில் மூச்சை உள்ளிழுத்தால் பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்ட ஒலிக் கூட்டம் பிறப்பதையும், நாவின் நிலையையும் வாயின் உட்புறத்தையும் மாற்றி இழுத்தால் சுரம் வளைந்து கீழிறங்குவதையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். நம் சாஸ்திரப்படி இது கிரகபேதமே. சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஸட்ஜமாகக் கொண்டால் ஹரிகாம்போதி வருவது போல, ஒரு கட்டைக் கருவியில் அவர்கள் ஐந்து கட்டைப் பாட்டை வாசித்தார்கள். ப்ளூஸ் சங்கீதத்தின் ஏக்கம் அந்த வளைவுகளில்தான் குடிகொண்டது. இளம் பிராயத்தில் இளம்பிள்ளை வாதத்தால் படுக்கையில் கிடந்த டிஃபோர்ட் பெய்லி என்ற ஹார்மோனிகா வித்வான், பின்னாளில் நாஷ்வில் வானொலியில் ஓடும் ரயிலையே தம் மூச்சால் கேட்கச் செய்தார். லிட்டில் வால்டர் என்பவர் ஒலிபெருக்கியுடன் ஹார்மோனிகாவைச் சேர்த்து 1952-இல் 'ஜூக்' என்ற இசைத்தட்டால் புகழின் உச்சியை அடைந்தார்.

பல சுருதிகளில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனாலேயே வலுப்பெற்றது. உடன் வாசிக்கும் கிதாருக்கு மூன்று கட்டை இயல்பாக அமைவதால் ஹார்மோனிகா ஆறு கட்டையாக இருக்கவேண்டும்; பாட்டு ஆறு கட்டையானால் இரண்டு கட்டைக் கருவியும், ஐந்து கட்டையானால் ஒரு கட்டைக் கருவியும் வேண்டும். பல சுருதிக் கருவிகளை மேடைக்குக் கொண்டுவந்து பாட்டுக்குப் பாட்டு மாற்றுவது வித்வான்களின் பழக்கமாயிற்று. வாசிக்க வாசிக்க ரீடு சோர்ந்து சுருதி தவறினால் கருவியை எறிந்துவிட்டு வேறொன்று வாங்கினார்கள். மலிவு அதற்கும் இடம் கொடுத்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியிலிருந்து வரவு நின்றபோது, அமெரிக்காவில் ஃபின் மாக்னஸ் என்பவர் பிளாஸ்டிக்கிலேயே ரீடுகளையும் வார்த்து விற்றார். இன்றோ மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை, ஹோனர் பெயர் தாங்கியவை உட்பட, ஷெங் பிறந்த சீன தேசத்திலேயே செய்யப்படுகின்றன. ஏழு கட்டைகள் கொண்ட ஒரு பெட்டி, சில இடங்களில் ஒரே ஒரு மரீன் பேண்டின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. அதை நான் இழிவாகக் கருதவில்லை. பாட்டுடன் சேர்ந்து வாசிக்கப் பழகுவோருக்கு ஏழு சுருதிகளும் கையிலிருப்பது பெரிய சகாயம். குறை, காற்றுக் கசிவில் இருக்கிறது. மூச்சின் பெரும்பகுதி தகட்டின் இடுக்குகளில் வீணாவதால், சுரத்தை வளைக்கப் பழகும் மாணவன் கருவியின் பிழையைத் தன் பிழையென்று எண்ணிச் சோர்ந்து போகிறான்.

ஆகையால் வாங்குவோர் ஒவ்வொரு துளையிலும் மிக மெல்லிய மூச்சால் ஊதியும் இழுத்தும் பார்த்து, இருபது ரீடுகளும் உடனே பேசுகின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். கையில் பணம் குறைவாயின் ஒரு கட்டையில் தரமான கருவி ஒன்றை வாங்கி, பின்னர் ஆறும் இரண்டும் சேர்க்கலாம். மலிவுப் பெட்டியே வாங்கினாலோ, ஏழில் எது முதலில் தேய்கிறதோ அந்தக் கட்டையில் அடுத்த முறை நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.