கைக்கெட்டிய கணினி: தானே நிரல் கற்றோரின் வரலாற்றில் கள்ளக்குறிச்சி

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் தாமாகவே நிரல் எழுதக் கற்ற இளைஞர்களின் வரலாற்றை எழுத முனைவோர், பள்ளி கல்லூரிகள் எப்போது தோன்றின என்பதைவிட, கணினி எந்த ஆண்டில், யாருடைய கைக்கு, எவ்வளவு நேரத்துக்குக் கிடைத்தது என்பதையே முதலில் கேட்டாக வேண்டும். நிரல் என்பது கணினி செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்லும் கட்டளைத் தொகுப்பு; அதில் ஓரிடத்தில் ஒரு குறி பிசகினாலும் அது ஓடாமல் நின்றுவிடும் அல்லது தவறான விடையைத் தரும். பிசகிய இடத்தைத் தேடித் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கும் வேலையைப் பல நூறு முறை செய்தவருக்கே அக்கலை படிகிறது என்பதால், வாரத்துக்கு இரண்டு பாடவேளை மட்டும் கணினி முன் அமர்ந்தவரையும் இரவு முழுவதும் அதை வைத்திருந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தி அறிவை அளப்பது நியாயமாகாது.

கணினிக்கு முந்திய பொறியியலிலும் நிலைமை இதுவே. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்ட ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோயம்புத்தூர் உணவகமொன்றில் பரிமாறி மிச்சம் பிடித்த பணத்தில் அதனையே விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியதே அவருடைய பொறியியல் படிப்பு. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். அவருடைய மேதைமையைப் பாடும் நூல்கள் பலவும் ஒன்றை விரைந்து கடந்துவிடுகின்றன: கழற்றிப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, ஏனெனில் வண்டி அவருடையதாக இருந்தது.

கணினியில் அந்த உரிமை நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் தாத்தாவின் கொமடோர் கணினியில் விளையாட்டாக நிரல் எழுதப் பழகிய லினஸ் டோர்வால்ட்ஸ், 1991இல் தம் 21ஆம் வயதில், வீட்டுக் கணினியிலேயே லினக்ஸ் கருநிரலை எழுதி வெளியிட்டார். கருநிரல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் மற்ற நிரல்களுக்கும் நடுவே நின்று இயக்கும் அடிப்படை நிரல். இந்திய அரசு 1984இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், மின்சாரம் பாய்ந்தவுடன் பேசிக் என்னும் எளிய நிரல்மொழியைத் திரையில் காட்டும் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்கு அனுப்பியது உண்மையே. ஆயினும் அவை தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு மட்டுமே சென்றன. சென்ற இடத்திலும் பள்ளியின் உடைமையாக ஆய்வக அறையில் இருந்தனவே தவிர, மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோகத்தக்கவையாக இருக்கவில்லை.

1990களில் சிறு நகரங்களின் கடைத்தெருக்களில் கணினிப் பயிற்சி மையங்கள் பெருகின. டிசிஏ எனப்பட்ட பட்டயத்துக்குக் கட்டணம் செலுத்தியோர் மணிக்கணக்கில் இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டனர். அக்காலத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' போன்ற நூல்களும் 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழும் கணினியைத் தமிழில் விளக்கிச் செய்த பணி பெரிது. தொட்டுப் பார்க்க இயந்திரமில்லாத வாசகர்கள் பலருக்கு அவை கணினியைக் கற்பனையிலேனும் அறிமுகம் செய்தன.

இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படிப்போர்க்கும், அவ்வகைக் கல்லூரி மாணவர்க்கும் ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மடிக்கணினிகள் வழங்குவது அதன் இலக்கு. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயக்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அது கட்டற்ற மென்பொருள், அதாவது எவரும் அதன் மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை பெற்ற மென்பொருள் வகையைச் சேர்ந்தது. பைத்தான் போன்ற நிரல்மொழிகளைக் காசு கொடுக்காமல் அதில் பயன்படுத்தலாம். சில மாணவர் அக்கணினிகளை விற்றார்கள், பலர் திரைப்படம் பார்த்தார்கள் என்ற குறை அன்று உரக்கப் பேசப்பட்டது. அது பொய்யன்று; ஆனால் கரும்பு வெட்டும் கூலியின் வீட்டில், கேட்க ஆளின்றித் திறந்து, கெடுத்து, மறுபடி நிறுவிப் பார்க்க ஓர் இயந்திரம் இருந்தது என்பது தமிழகச் சமூக வரலாற்றில் அதற்கு முன் நிகழாதது, அதன் எடை அக்குறைகளைவிட மிகப் பெரிது.

இயந்திரம் வந்தபின் மொழியும் துணையும் குறையாக நின்றன. பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். கேட்க அருகில் எவரும் இல்லை. 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடிப் பேசிவந்தது, ஆனால் சென்னை கள்ளக்குறிச்சிக்குத் தொலைவு. 2012இல் த. சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும், அதன்வழி எளிய தமிழில் எவரும் பகிரத்தக்க உரிமத்துடன் வெளிவந்த நூல்களும் மொழிக்குறையைப் பெருமளவு தீர்த்தன. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத வழி செய்தது. துணைக்குறைக்கு மருந்தாக எழுந்தவற்றுள் கள்ளக்குறிச்சிக்கு மிக நெருங்கியது விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு. அன்று கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த மாவட்டத்தின் ஊர்ப்புற மாணவர்க்குத் தன்னார்வலர்கள் கட்டணமின்றிக் கற்பித்தனர். தானே கற்றவர் எனப் பின்னாளில் புகழப்படும் எவருக்கும் பின்னால் இத்தகைய பெயர் தெரியாத கைகள் பல உண்டு. வரலாறு எழுதுவோர் அவர்களை விட்டுவிடலாகாது.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டமும் அதில் அடங்கும். அதே கல்வியாண்டில் தமிழகப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானுக்கு மாறியது. பாடம் காலத்தோடு இணைந்த அந்த வேளையில்தான், பெருந்தொற்றோடு மடிக்கணினி விநியோகம் நின்றுபோனது. மூடிய பள்ளிகளின் மாணவர் பைத்தானைத் தாளில் படித்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபின், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. 2025 மார்ச் தமிழக நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் மாணவர்க்குக் கணினி தரும் புதிய அறிவிப்பு வந்தது. அது கல்லூரி மாணவர்க்கானது. மேல்நிலைப் பள்ளியில் பைத்தான் படிக்கும் கருணாபுரத்துப் பிள்ளை அதைப் பெற, முதலில் கல்லூரிக்குப் போயாக வேண்டும்.