‘விண்டோஸ் என்டி 6.1’ என்ற வரியை வாசித்தல்: பெரம்பலூர், அரியலூர் விலையில்லா மடிக்கணினிகளும் மொழிக் கணிப்பும்

உலாவி ஒவ்வொரு வேண்டுகோளுடனும் அனுப்பும் தன்னறிமுக வரியில் ‘விண்டோஸ் என்டி 6.1’ என்று இருந்து, 64 பிட் விண்டோஸில் 32 பிட் உலாவி ஓடுவதைக் காட்டும் ‘வாவ்64’ என்ற சொல் இல்லாவிட்டால், அது 32 பிட் நுண்செயலி கொண்ட விண்டோஸ் 7 கணினி என்று கொள்வது வழக்கம். உடன் வரும் மொழித் தலைப்பில் ‘இஎன்-யூஎஸ்’ இருந்தால் கணினிக்கு முன் இருப்பவர் ஆங்கிலத்தில் புழங்குபவர் என்று முடிவு கட்டுவதும் உண்டு. தமிழ்க் கணிமைப் பயன்பாட்டை அளக்க முயன்றவர்களில் ஒரு சாரார் இந்த வாசிப்பையே அடித்தளமாகக் கொண்டனர். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியை வைத்துச் சோதித்தால், இயங்குதளம், நுண்செயலி, மொழி என்ற மூன்றில் ஒன்றுதான் தேறுகிறது.

2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் தொடங்கிய இத்திட்டத்தின் தொடக்கக் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் திட்டம் பொருந்தியது. ஒரே பெட்டி காலையில் விண்டோஸாகவும் மாலையில் லினக்ஸாகவும் வலைத்தளப் பதிவேட்டில் ஏறும். இயங்குதளத்தைப் பற்றிய விடை அந்த நேரத்துக்கு மெய். பெட்டிகளை எண்ண அது உதவாது. மாவட்டவாரிக் கணக்கு இன்னும் சிக்கல். மொழிக்குறி ‘டிஏ-ஐஎன்’ (தமிழ்-இந்தியா) என்று நாட்டளவில் நின்றுவிடும்.

நுண்செயலி பற்றிய பிழை எளிதில் விளங்கும். ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டாக மட்டுமே வெளிவந்தது. அதில் சூழல் மாறியைக் கேட்டால் ‘எக்ஸ்86’ என்று வரும். ‘உண்மையான’ அமைப்பைச் சொல்லவென்று உள்ள செயல்கூறும் அதையே சொல்லும். சில்லு 64 பிட் வல்லமை உடையதா என்பதை அறிய ‘சிபியுஐடி’ ஆணையை நேரே இட்டு, 80000001 என்ற பதினறும எண்ணுக்குரிய விடையில் 29ஆம் பிட்டைப் பார்க்க வேண்டும். ‘வாவ்64’ இல்லாமை அதிகபட்சம் இயங்குதளத்தின் அகலத்தைப் பற்றித்தான் ஏதேனும் சொல்லும். சில்லைப் பற்றி அதிலிருந்து எதுவும் பெற முடியாது. புதிய உலாவிகள் சில்லின் அமைப்பையும் பிட் அளவையும் தனியே தருகின்றனவே எனலாம். எல்லா உலாவிகளும் தருவதில்லை. 2011இன் பதிவேடுகளுக்கு அது பயன்படவும் போவதில்லை.

மொழிதான் வழக்கின் மையம். ‘இக்கணினியின் மொழி என்ன?’ என்ற கேள்விக்கு விண்டோஸில் குறைந்தது மூன்று விடைகள் உண்டு. இடைமுக மொழியைக் கேட்டால் 0409, அதாவது அமெரிக்க ஆங்கிலம். தேதி, எண் வடிவங்கள் இந்தியாவுக்கு அமைக்கப்பட்டிருந்தால் வட்டார மொழிக்கு 4009, இந்திய ஆங்கிலம். விசைப்பலகையைக் கேட்டால் மீண்டும் 0409 வரலாம். தமிழுக்குரிய 0449 எங்கும் தென்படாது. அந்த நேரத்தில் மாணவி நோட்பேடில் தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கலாம்.

இது எப்படி நேர்கிறது? தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 7இல் இல்லை. அதனுடன் வந்த தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் அமைப்புடையது. தமிழ்99 பழகியவர் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளை நிறுவிக்கொண்டார். அது இயங்குதளத்தின் விசைப்பலகை அமைப்பைத் தொடாமல், விசைத் தட்டல்களை இடையில் மறித்து எழுத்தாக மாற்றித் தரும். ‘ஏ’, ‘கே’, ‘கே’, ‘க்யூ’ என்ற நான்கு விசைகளைத் தட்டினால் திரையில் ‘அம்மா’ எழும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். இயங்குதளத்தைப் பொறுத்தவரை அமெரிக்க ஆங்கில விசைப்பலகை ஒன்று தட்டப்பட்டது, அவ்வளவே. ஆக, அரசின் தரத்தைப் பின்பற்றித் தட்டெழுதியவர்களே ஆங்கிலப் பயனர் கணக்கில் விழுந்தனர். லினக்ஸிலும் நிலைமை பெரிதும் மாறாது: உள்ளீட்டு முறையில் தமிழ்99ஐத் தேர்ந்தாலும் ‘லாங்’ மாறி ‘இஎன்_ஐஎன்’ ஆகவே இருக்கலாம்.

விண்டோஸ் 7க்குத் தமிழ் இடைமுகப் பொதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தந்தது. வேண்டியவர் நிறுவியிருக்கலாமே என்ற மறுப்பு உண்டு. பட்டிப்பெயர்கள் தமிழில் வேண்டும் என்பதும் தமிழில் எழுதுவதும் ஒன்றெனக் கொண்டால் மட்டுமே அது நிற்கும்.

சற்றே துணிந்து சொன்னால், மொழித் தலைப்பைக் கொண்டு ‘தமிழ்ப் பயன்பாடு இல்லை’ எனக் கண்ட முடிவுகள் அனைத்தையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். நம்பத்தக்க சான்று எழுதப்பட்ட உரையிலேயே உள்ளது. யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையிலான தமிழ்ப் பகுதியைச் சேர்ந்த குறியெண்கள் எத்தனை என்று எண்ணினால் போதும். எந்த இயங்குதளத்தையும் கேட்க வேண்டியதில்லை. டிஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் எழுதியவை இந்த வலையில் சிக்காது. அவற்றைத் தனியே இனங்காண வேண்டும். எதுவும் எழுதாமல் தமிழ்ப் பக்கங்களை வாசித்து மட்டும் சென்றவரை இம்முறையாலும் பிடிக்க முடியாது; அவரைக் கண்டறிய, அவர் கேட்ட பக்கங்களின் மொழியைத்தான் பார்க்க வேண்டும்.