ஐதராபாதில் கடனும் விடுதலையும்: நொடிப்புச் சட்டத்தின் வரலாற்றுப் போக்கு

முன்னுரை

கடன்பட்டு மீள வழியற்ற தனிமனிதர் நீதிமன்றத்தை அணுகி, தம் இயலாமையை அறிவித்து, உள்ள பொருளை ஒப்படைத்து, எஞ்சிய கடனிலிருந்து விடுபடும் முறையை நொடிப்புச் சட்டம் வகுத்துள்ளது. இதனைத் தமிழகத்தில் 'மஞ்சள் கடிதாசி கொடுத்தல்' என்பர். ஐதராபாத் உள்ளிட்ட தெலுங்கு வழங்கும் பகுதிகளில் 'ஐ.பி. பெட்டடம்' என்பர். இரு வழக்குகளும் பெரும்பாலும் ஏளனப் பொருளிலேயே ஆளப்படுகின்றன. மக்கள் வழக்கு ஏமாற்றாகக் கருதும் ஒன்றைச் சட்டம் விடுதலையாகக் கருதுகிறது. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை ஐதராபாதின் கடன் வரலாற்றின்வழி ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

சொல்லும் பொருளும்

'திவால்' என்பது இந்தியில் வழங்கும் 'திவாலா' என்னும் சொல்லோடு தொடர்புடையது. கடன் தீர்க்க இயலாத வணிகர் பகலிலேயே கடையில் விளக்கேற்றி வைத்து அந்நிலையை அறிவித்தனர் என்னும் வழக்காற்றோடு இச்சொல்லை இணைத்துக் கூறுவர். 'மஞ்சள் கடிதாசி' அறிவிப்புத் தாளின் நிறத்தால் வந்த பெயர் என்பர். 'ஐ.பி.' என்பது நொடிப்பு மனுவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். விளக்கு, தாள், மனு ஆகிய மூன்றும் நடவடிக்கையின் தொடக்கத்தையே சுட்டுகின்றன. அதன் முடிவாகிய கடன் விடுவிப்பைச் சுட்டும் சொல் இவ்வழக்குகளில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

அரசின் கடன்

ஐதராபாத் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் கடன் நிசாம் அரசு பட்ட கடனாகும். சிக்கந்தர் ஜாவின் ஆட்சிக்காலத்தில் (1803-1829), சந்துலால் நிருவாகப் பொறுப்பில் இருந்தபோது, வில்லியம் பாமர் நிறுவனம் அரசுக்கு உயர்ந்த வட்டிக்குப் பெருந்தொகைகளைக் கடனாக அளித்தது. 1820-இல் மட்டும் 60 லட்சம் ரூபாய்க் கடன் ஒன்று ஏற்பாடாயிற்று. அவ்வாண்டு ஐதராபாதில் பிரித்தானியப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற சார்லஸ் மெட்காஃப் இக்கடன்களின் தன்மையை ஆராய்ந்து எதிர்த்தார். 1823-இல் வட சர்க்கார்ப் பகுதிக்காகக் கும்பினியார் நிசாமுக்கு ஆண்டுதோறும் செலுத்திவந்த 7 லட்சம் ரூபாய்ப் பேஷ்குஷ் நிலையாக விட்டுக்கொடுக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பெற்ற ஒரு கோடியே 16 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைக் கொண்டு பாமர் கடன் அடைக்கப்பட்டது. 1853-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பெரார் ஒப்படைக்கப்பட்டமைக்கும் படைச்செலவுக் கடனே அடிப்படை. அரசு தன் வருவாயையும் நிலப்பரப்பையும் கொடுத்துக் கடனிலிருந்து மீண்டது.

உழைப்பாளரின் கடன்

கொடுக்க ஏதுமற்ற உழைப்பாளர் நிலை இதனின் வேறானது. தெலங்கானா ஊர்ப்புறங்களில் வழங்கிய 'பகேலா' முறையில், வாங்கிய கடனுக்காகப் பண்ணையாள் நிலவுடைமையாளரிடம் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வட்டி வளரக் கடன் அடுத்த தலைமுறைக்கும் சென்றது. இதனைக் கட்டுப்படுத்த நிசாம் அரசு 1936-இல் பகேலா ஒப்பந்த ஒழுங்குவிதியை இயற்றியது. பசலி 1349-இல் வட்டித்தொழிலை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. எனினும், கடனுக்கு உழைப்பை அடகு வைக்கும் முறையை நாடு முழுவதும் ஒழித்தது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே. அச்சட்டம் பட்டியலிடும் பெயர்களில் 'பகேலா'வுடன் 'பண்ணையாள்', 'படியாள்', 'வெட்டி' ஆகிய சொற்களும் இடம்பெறுகின்றன.

சட்டம் வகுத்த வழி

பிரித்தானிய இந்தியாவில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாநகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், பிற பகுதிகளுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் அமைந்தன. நிசாம் ஆட்சிப்பகுதி பிரித்தானிய இந்தியாவுக்குப் புறம்பாக இருந்தமையால் அவை அங்குச் செல்லவில்லை. இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பின்னர், காலப்போக்கில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமே இப்பகுதியிலும் தனிமனிதர் நொடிப்புக்கு வழியாயிற்று.

இச்சட்டப்படி, கடன் தீர்க்க இயலாதவர் 500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருப்பின் மனுச் செய்யலாம். நொடித்தவர் என நீதிமன்றம் அறிவித்ததும் அவர் சொத்து நீதிமன்றத்தையோ அது நியமிக்கும் பொறுப்பாளரையோ சாரும். ஆயினும், குடிமையியல் நடைமுறைச் சட்டம் பற்றுகையிலிருந்து விலக்கியுள்ள தொழிற்கருவி போன்றவை கடனாளியிடமே நிற்கும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய மறுபயன் பெறாமல் சொத்தை உறவினருக்கு எழுதி வைத்திருப்பின் அக்கைமாற்றம் செல்லாததாக்கப்படலாம். 'சொத்தை ஒளித்துவிட்டு ஐ.பி. போட்டார்' என்னும் குற்றச்சாட்டுக்குச் சட்டத்திலேயே விடை உள்ளமை இதனால் புலனாகும்.

சட்டத்தின் உயிர்நிலை விடுவிப்பு ஆணையாகும். அரசுக்குரிய கடன், வஞ்சனையால் வந்த கடன், சீவனாம்சம் போன்றவை நீங்கலாகப் பிற கடன்கள் அதனால் தீர்கின்றன. சொத்தின் மதிப்பு, ஈடற்ற கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கேனும் இல்லையெனில், அந்நிலை தம் பிழையால் நேரவில்லை என்று கடனாளி மெய்ப்பிக்க வேண்டும். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் அவர் விடுவிப்புக் கோரி விண்ணப்பிக்கவில்லை எனில், நொடிப்பு அறிவிப்பே நீக்கப்படும். அப்போது பழைய கடன்கள் மீண்டும் உயிர்பெறும். மனுவையே முடிவாகக் கருதும் மக்கள் வழக்கால் கடனாளிக்கு நேரக்கூடிய இழப்பு இதுவே.

புதிய சட்டம்

2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டம் மேற்கூறிய இரு பழைய சட்டங்களுக்கும் மாற்றாக இயற்றப்பட்டது. ஆண்டு வருவாய் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடற்ற ஏழைக் கடனாளிக்கென 'புதுத் தொடக்கம்' என்னும் நடைமுறையையும் அது வகுத்துள்ளது. ஆனால் தனிமனிதர் பற்றிய பகுதி, 2019 திசம்பர் 1 முதல் நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோரளவிலேயே நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய வழக்குகள் ஐதராபாதிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாய அமர்வு போன்றவற்றின் முன் செல்கின்றன. சிறு வணிகரும் தொழிலாளரும் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நம்பி நிற்கின்றனர்.

முடிவுரை

நிசாம் அரசு வருவாயையும் நிலப்பரப்பையும் விட்டுக்கொடுத்துக் கடன் தீர்த்தது. பகேலா தம் உழைப்பை இழந்தும் தீர்க்க இயலவில்லை. உள்ளதைக் கொடுத்தவரிடம் இல்லாததைக் கேட்கலாகாது என்னும் நெறியை இவ்விரு நிலைகளுக்கும் மாற்றாக நொடிப்புச் சட்டம் முன்வைக்கிறது. அந்நெறி பயன்தர வேண்டுமாயின், ஏழைக் கடனாளிக்கென எழுதப்பட்ட நடைமுறை செயலுக்கு வருதல் வேண்டும். மனுவோடு நில்லாமல் விடுவிப்பு வரை செல்ல வேண்டும் என்னும் தெளிவும் மக்களிடையே பரவுதல் வேண்டும். 'மஞ்சள் கடிதாசி'க்கும் 'ஐ.பி.'க்கும் நிகராக விடுவிப்பைக் குறிக்கும் எளிய சொல் ஒன்று மக்கள் நாவில் வழங்குதல் அத்தெளிவுக்குத் துணைபுரியும் எனலாம்.