பிறப்புரிமையும் மூலதனமும்: ரொனி பென்னின் பாராளுமன்ற வாழ்வு பற்றிய ஒரு குறிப்பு

ரொனி பென்னின் (1925–2014) பெயர் பெரும்பாலும் ஒரு சட்டத்துடனேயே இணைத்துப் பேசப்படுகின்றது. 1950இல் பிறிஸ்ரல் தென்கிழக்குத் தொகுதியின் தொழிற் கட்சி உறுப்பினராகப் பிரித்தானியப் பொதுச் சபைக்குச் சென்ற அவர், 1960இல் தந்தையாரான ஸ்ரான்ஸ்கேற் பிரபு காலமானதும், தாம் விரும்பாமலே பிரபுவாகி ஆசனத்தை இழந்தார். 1961 மே இடைத்தேர்தலில் வாக்காளர் 13,044 மேலதிக வாக்குகளால் அவரையே மீண்டுந் தெரிவுசெய்தனர். தேர்தல் நீதிமன்றமோ தோல்வியுற்ற கொன்சவேட்டிவ் வேட்பாளருக்கு ஆசனத்தை வழங்கிற்று. 1963 யூலையில் நிறைவேறிய சட்டம் பட்டந் துறக்கும் உரிமையை அளித்தது. ஓகஸ்டில் பென் சபைக்கு மீண்டார். அதே சட்டத்தின் துணைகொண்டே, ஒக்டோபரில் பிரதமரான ஹோம் பிரபுவும் பட்டத்தைத் துறந்து பொதுச் சபைக்குள் வந்தார் என்பது பலராலும் மறக்கப்படுகின்றது.

எமது அக்கறைக்குரியது இதற்குப் பிந்திய பகுதியே. 1966 முதல் 1970 வரை தொழில்நுட்ப அமைச்சராயிருந்த பென், பெருநிறுவனங்களின் இணைப்பே பிரித்தானியக் கைத்தொழிலை மீட்கும் என நம்பியவர். அவ்வாறு 1968இல் இணைக்கப்பட்ட கிளைட் நதிக் கப்பற்றளங்கள் 1971இல் மூடப்படவிருந்தபோது, தளத்தை விட்டகலாது வேலையைத் தொடர்ந்த தொழிலாளருடன் அவர் நின்றார். பதவியிழந்த பின்னரே அவர் இடதுசாரியானார் என்ற கண்டனம் இங்கிருந்தே எழுவது. ஆனால் 1974இல் கைத்தொழில் அமைச்சரானதும், மெரிடன் மோட்டார் சைக்கிள் தொழிலாளரின் கூட்டுறவுக்கு அரச நிதி பெற்றுக்கொடுத்தவரும் அவரே. பெருங் கம்பனிகளை அரசுடனான திட்டமிடல் உடன்படிக்கைகளுக்குட் கொணரவும் அவர் முயன்றார். பிரதமர் வில்சன் அத்திட்டத்தை நீர்த்துப்போகச் செய்தார். உடன்படிக்கைகள் கம்பனிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டன. 1975 யூனில், ஐரோப்பியப் பொதுச் சந்தை பற்றிய மக்கள் தீர்ப்பில் பென்னின் தரப்பு தோற்ற சில நாட்களில், அவர் எரிசக்தி அமைச்சுக்கு மாற்றப்பட்டார். பிறப்புரிமைத் தடையை நீக்கிய பாராளுமன்றம், மூலதனத்தின் தடைக்கு முன்னே நின்றுவிட்டது.

1976இல் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளை அமைச்சரவையில் எதிர்த்து வாதிட்டுத் தோற்ற பென், 1979 வரை அதே அமைச்சரவையில் நீடித்தார். கட்சி ஒற்றுமை இதற்குப் போதிய நியாயமாகுமென நாம் கருதவில்லை. 1981இல் கட்சியின் பிரதித் தலைவர் பதவியை ஒரு வீதத்துக்குங் குறைந்த வித்தியாசத்தில் ஹீலியிடம் இழந்தார். 1983இல் ஆசனத்தையும் இழந்தார். 1984 மார்ச் முதலாந் திகதி அவரை மீண்டுஞ் சபைக்கு அனுப்பியது செஸ்ரர்பீல்ட் என்னும் நிலக்கரிப் பிரதேசத் தொகுதியாகும். சில நாட்களில் சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று.