மடை தெரியும், லாக்கு தெரியுமா?



‘மடை திறந்த வெள்ளம் போல’ என்ற உவமைத்தொடருக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தேன். படிவம் நான்கு. எல்லாரும் சரியாகத்தான் எழுதினார்கள். பேச்சாளர் பேசினார், அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது, கடையில் கூட்டம் நுழைந்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் மட்டும் கையைத் தூக்கி, “டீச்சர், மடைன்னா கதவா, ஓட்டையா? அதை யாரு திறப்பா?” என்று கேட்டான். “தண்ணி வர்ற வழிப்பா” என்று அப்போதைக்குச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு ஒப்பவில்லை. அவன் கேட்டது சொற்பொருள் மட்டும் இல்லையே, ஆளையும் சேர்த்தல்லவா கேட்டான்!

அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இருப்பது தண்ணீர்மலையில். ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே விழும் அருவியின் நீரைத்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டுவந்தார்கள்; துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் அதையே நிரப்பிக்கொண்டு போயின. ஆனால் இங்கே ஏரி இல்லை, வயல் இல்லை. மலையிலிருந்து இறங்கும் நீர் குழாய்க்குள் போய்விடுகிறது. இங்கே வளரும் பிள்ளைக்கு மடை ஒரு தேர்வுச் சொல்தான்.

ஆகவே முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கரையில் நீர் பாய விட்ட வாய் மடை. அந்த வாயைக் கல்லால் கட்டி, திறந்து மூட வசதி செய்தால் மதகு. கரைக்கு அடியில் நீரைக் கொண்டுபோகும் குழாய் போன்ற வழி தூம்பு. ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோட விட்டது கலிங்கு. மாணவர்கள் இவை எல்லாவற்றுக்கும் ‘அணை’ என்று ஒரே சொல்லை எழுதிவிடுகிறார்கள். அணை நீரைத் தடுப்பது. மதகு நீரை அளந்து விடுவது. இரண்டும் ஒன்றல்ல.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது குமிழித்தூம்பு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்குள்ளேயே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் கீழே, ஏரியின் தரையில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேலே ஒரு துளை. அது நீரோடித் துளை. தொட்டியின் பக்கவாட்டில், தரையோடு ஒட்டிச் சிறிய துளைகள். அவை சேறோடித் துளைகள். மேல் துளையை மூடிய கல்லைத் தூக்கினால், நீர் மேலிருந்து இறங்கும். அந்த வேகத்தில் கீழே படிந்த வண்டலும் சேர்ந்து இழுபட்டுக் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். ஏரியும் தூர்ந்து போகாது, வயலுக்கும் உரம். இன்றைக்கும் புதுக்கோட்டைப் பக்கம் ஏரிகளில் இத்தூண்களைப் பார்க்கலாம். தூம்பு செய்து கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்ததும் உண்டு. இலங்கையின் பழைய குளங்களில் இதே வேலையைச் செய்யும் ‘பிசோக்கொட்டுவ’ என்ற கல்கிணறு இருக்கிறது.

நீர் நிறைந்திருக்கும்போது அந்தக் கல்லைத் தூக்குவது விளையாட்டல்ல. ஆள் மூழ்கித்தான் திறக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இப்படி உயிரைக் கொடுத்து மடை திறந்தவர்தான் மடையர்; நன்றி கெட்ட நாம் அதையே திட்டும் சொல்லாக்கிவிட்டோம்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. கேட்க உருக்கமாக இருக்கிறது, நானும் ஒரு காலத்தில் நம்பி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அகராதியைத் திறந்தால் நிலைமை வேறு. அறிவின்மையைக் குறிக்கும் மடம், மடமை ஆகியவற்றின் வழியில் வருவது திட்டும் ‘மடையன்’. சமையலைக் குறிக்கும் மடையிலிருந்து வருவது சமையற்காரனைக் குறிக்கும் ‘மடையன்’. கோயில் மடைப்பள்ளி அந்த வழியில் வந்தது. ஏரி மடையோடு வசைச்சொல்லை முடிச்சுப் போடச் சான்று இல்லை. தேர்வில் எழுதிவிடாதீர்கள். மடை திறந்தவர்களுக்கு ஊரில் உண்மையிலேயே பெயர் இருந்தது: நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று தீர்மானித்துத் திறந்து மூடியவர்கள் இவர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியமும், முதலாம் பராந்தகன் காலத்தில், இதே பொறுப்பைத்தான் ஊர்ச் சபைக்குள் கொண்டுவந்தது.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? புறநானூறு 118-ஐ எடுத்துப் பாருங்கள். பாரி இறந்தபின் கபிலர் பறம்பை நினைக்கிறார். அவர் கண்ணில் படுவது எட்டாம் நாள் பிறை போல் வளைந்த கரையுடைய ஒரு சிறு குளம். அது உடைந்து போகிறதே என்கிறார். அரசன் போனதற்கு அடையாளமாக அரண்மனையைச் சொல்லாமல் குளக்கரையைச் சொன்னதை மாணவர்களுக்குக் கட்டாயம் காட்டுங்கள். நம் காலத்துச் செய்தி ஒன்றும் இதோடு பொருந்தும். ஆர்தர் காட்டன் 1836-இல் திருச்சிக்கு அருகே முக்கொம்பில் கட்டிய கொள்ளிடம் மேலணையில், 2018 ஆகஸ்டில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோதே 45 மதகுகள் கொண்ட பகுதியில் 9 மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன.

இதுவரை சொன்னவை எல்லாம் வயலுக்கான கதவுகள். இன்னொரு வகைக் கதவு இருக்கிறது. படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் வைக்கும் கதவு. ஆங்கிலேயர் அதை லாக் என்றார்கள். நம்மவர் வாயில் லாக்கு. நீர்ப்பூட்டு என்று எழுதலாம். ஆனால் முதல் முறை எழுதும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திருத்துபவர் குழம்பிவிடுவார்.

இது எப்படி வேலை செய்கிறது? கால்வாயில் ஒரு பக்கம் நீர் உயரம், மறுபக்கம் தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் படகு நிற்கும் அளவுக்கு ஒரு கல்தொட்டி, இரு முனையிலும் கதவு. தாழ்ந்த பக்கத்திலிருந்து படகு தொட்டிக்குள் வரும், பின்கதவை மூடுவார்கள். மேல்பக்கத்து நீரைச் சிறு திறப்பு வழியாக உள்ளே விடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். இரண்டு பக்கமும் நீர் சமமானதும் முன்கதவு திறக்கும், படகு போய்விடும். பம்பு கிடையாது, இயந்திரம் கிடையாது. நீரே தூக்கிவிடுகிறது.

இதைப் பெருங்கால்வாயில் முதலில் அமைத்தவராகச் சீன வரலாறு சொல்வது சியாவ் வெய்யுவே என்ற அதிகாரியை. ஆண்டு 984. (அடுத்த ஆண்டுதான் தஞ்சையில் முதலாம் இராசராசன் அரியணை ஏறுகிறான், காலக்கோடு வரையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) அதற்கு முன் வரித் தானியம் ஏற்றிய படகுகளைச் சரிவுமேடையில் கயிறு கட்டி இழுத்துத்தான் மேல்மட்டத்துக்கு ஏற்றினார்கள். படகுகள் உடைந்தன. உடைந்த இடத்தில் தானியம் களவு போனது, இழுத்த ஆட்களே கூட்டு. திருட்டைத் தடுக்க அவர் கண்ட வழி, ஐம்பது தப்படி இடைவெளியில் இரண்டு கதவுகள்.

ஐரோப்பாவில் இந்தக் கதவைச் செம்மையாக்கியவர்களில் ஒருவர் லியோனார்டோ டா வின்சி. மிலான் நகரக் கால்வாய்களில் வேலை பார்த்தபோது அவர் வரைந்த படங்களில் இரண்டு கதவுகள், வணக்கம் சொல்லக் குவித்த கைகள் போல், நீர் வரும் பக்கம் நோக்கிக் கூம்பி நிற்கின்றன. நீர் அழுத்த அழுத்த இரண்டும் இன்னும் இறுகும். எதிரியின் பலத்தையே தாழ்ப்பாளாக்கிய யோசனை! 1914 ஆகஸ்டு 15-இல் திறக்கப்பட்ட பனாமா கால்வாயிலும் இதே கூம்புக் கதவுகள்தான், கப்பலை 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி இறக்குகின்றன.

இந்த லாக்கைத் தமிழர் எங்கே சந்தித்தார்கள்? சென்னையில், பக்கிங்காம் கால்வாயில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. பிறகு அரசு எடுத்துக்கொண்டு நீட்டியது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம், தெற்கே மரக்காணம். சுமார் 420 கிலோமீட்டர். கடலோரமாகவே ஓடும் உப்புநீர்க் கால்வாய். இங்கே மலை ஏற வேண்டியதில்லையே, லாக்கு எதற்கு என்று கேட்கலாம். வழியில் ஆறுகள் குறுக்கிடுகின்றன. கடலின் ஏற்ற வற்றத்தால் ஆற்றுநீர் ஏறும், இறங்கும். அங்கே கதவு இல்லாவிட்டால் கால்வாய் நீரும் கூடவே வடிந்து படகு தரைதட்டிவிடும். அதனால்தான் ஆறு சந்திக்கும் இடங்களில் லாக்குகள். விறகும் உப்பும் நெல்லும் இந்தக் கதவுகளைத் தாண்டித்தான் சென்னைக்குள் வந்தன.

சென்னையின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு மட்டும் நெடுங்காலம் வெட்டப்படாமல் இருந்தது. சுமார் எட்டு கிலோமீட்டர்தான். அதை வெட்டியது 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதே பஞ்சம். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த நிவாரணக் கூலி, நாள் முழுக்க மண் சுமந்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். ஏறத்தாழ 450 கிராம். வேலை முடிந்ததும் கால்வாய்க்குப் பெயர் வைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். தூம்பு செய்தவன் பெயரைக் கல்லில் வெட்டிய நாட்டில், இதை வெட்டியவர்கள் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

ஏன் இதைப் பினாங்கிலிருந்து எழுதுகிறேன் என்றால், அந்தப் பஞ்சக் காலத்துத் தமிழர் எல்லாரும் மண்வெட்டியோடு நிவாரண வேலைக்குப் போகவில்லை. ஒரு பகுதியினர் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்கள் ஆள் இறக்கிய துறை பினாங்கு. எதிர்க்கரையில், பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. அதுவும் கடலோரத் தாழ்நிலம். கரை போட்டு, கால்வாய் வெட்டி, உப்புநீர் ஏறாமல் காக்க வேண்டிய நிலம். இன்றும் அந்தப் பக்கம் வண்டியில் போனால் ‘பிந்து ஆயர்’ என்று மலாயில் எழுதிய நீர்க்கதவுகளைப் பார்க்கலாம். நம் வகுப்புப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டன் ஒருவர், ஊரில் தங்கிய தம்பி அடையாற்றில் மண் சுமந்த அதே ஆண்டில், இங்கே வாய்க்கால் வெட்டியிருக்கக்கூடும். என் கற்பனைதான், ஆனால் ஆண்டுகள் இடிக்கவில்லை.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். ஜான் கான்ஸ்டபிள் 1824-இல் காட்சிக்கு வைத்த ‘தி லாக்’ என்ற ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். அவருடைய தந்தைக்கு ஸ்டூர் ஆற்றங்கரையில் மாவு ஆலையும் சரக்குப் படகுகளும் இருந்தன, ஆகவே தெரிந்த இடத்தைத்தான் வரைந்தார். படத்தில் பெரிய மரங்கள், புரளும் மேகம். நடுவே சிவப்பு மேற்சட்டை போட்ட ஒருவர், நெம்புகோலை முழு உடம்பாலும் அழுத்தித் திறப்பைத் தூக்குகிறார். தொட்டிக்குள் படகு இறங்கக் காத்திருக்கிறது. அந்த ஓவியம் 2012-இல் 2 கோடியே 24 இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. விலை கிடக்கட்டும். யார் திறப்பா என்று என் மாணவன் கேட்டானே, அந்த ஆளை நடுவில் வைத்து வரைந்த படம் அது. 1912-இல் ஜோசப் பென்னல் பனாமாவுக்குப் போய் வரைந்த லாக்குப் படங்களில் பிரம்மாண்டமான சுவர்களும் கதவுகளும் நிற்கின்றன. அவற்றின் கீழே மனிதர்கள் எறும்பளவு.

பக்கிங்காம் லாக்குக்கு அப்படி ஓர் ஓவியத்தை நான் பார்த்ததில்லை. பாட்டு இருக்கிறது. பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் தோணியில் போனதைப் பாடியது ‘மாவலிபுரச் செலவு’. (செலவு என்றால் இங்கே பயணம். “எவ்வளவு செலவாச்சு டீச்சர்?” என்று ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்கிறார்.) காற்று இல்லாத நேரத்தில் இந்தத் தோணிகளைக் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தவர்கள் மனிதர்கள்தான். சீனத்துச் சரிவுமேடையில் இழுத்ததும் மனிதர்களே. கதவு வந்த பிறகும் கயிறு போகவில்லை.

1965, 1966 புயல்களுக்குப் பிறகு கால்வாயில் படகுப் போக்குவரத்து ஒடுங்கிவிட்டது. சென்னைக்குள் இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. நம் ஜார்ஜ் டவுனிலும் பிராங்கின் கால்வாய் ஒரு காலத்தில் படகுகள் நுழைந்த வழிதான். மூடிக் கிடந்ததை அகழ்ந்து, சியா போய் பூங்காவில் அதன் பழைய சுவர்களை இப்போது பார்க்க விட்டிருக்கிறார்கள். கொம்தாருக்குப் பக்கத்தில், பேருந்திலேயே போகலாம்.

நான் அடுத்த பாடத்தில் செய்தது இதுதான். கான்ஸ்டபிள் படத்தையும் குமிழித்தூம்புப் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் காட்டினேன். ஒன்றில் திறப்பவர் தெரிகிறார், மற்றதில் வெறும் தூண்கள். தூணுக்கு அருகே ஆளை நீங்களே வரையுங்கள் என்றேன். கேள்வி கேட்ட பையன் வெகுநேரம் யோசித்துவிட்டு, நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு பாதங்களை மட்டும் வரைந்து கொடுத்தான்.